நகையை அடகு வைக்கும் முன்...

எங்க ஐசியூ சிஸ்டர் ஒருத்தர் தயங்கித் தயங்கிக் கேட்டாங்க.

"டாக்டர், இங்கிலாந்து வேலைக்கு ஏஜென்ட் மூணு லட்சம் கேக்குறாரு. நகையை அடகு வைக்கட்டுமா?"

நடுராத்திரியில் "இந்த பேஷன்ட் சரியில்ல, உடனே வாங்க" என்று அவர் போன் செய்து, ஒருமுறைகூட அது தப்பாக இருந்ததில்லை. அப்பேர்ப்பட்டவர்.

அவரிடம் சொன்னதையே உங்களுக்கும் சொல்றேன்.

பிரிட்டன் அரசின் ஆள்சேர்ப்பு நெறிமுறைப்படி, வேலை வாங்கித் தர ஏஜென்சி நர்ஸிடம் கட்டணம் வாங்கக் கூடாது. நெறிமுறையை ஏற்ற ஏஜென்சிகளின் பட்டியல் என்ஹெச்எஸ் எம்ப்ளாயர்ஸ் இணையதளத்தில் இருக்கு. பேர் இருக்கான்னு பாருங்க.

ஏஜென்ட் யாராக இருந்தாலும் தேர்வை நீங்கதான் எழுதணும். ஆங்கிலத்துக்கு ஐஇஎல்டிஎஸ் அல்லது ஓஇடி. அடுத்து சிபிடி கணினித் தேர்வு. அங்கே போனபின் ஓஸ்கி செய்முறைத் தேர்வு. அதில் தேறினால்தான் நர்ஸாகப் பதிவு.

ஒப்பந்தத்தில் "பாதியில் விலகினால் எவ்வளவு திருப்பித் தரணும்" என்ற பகுதியைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீங்க.

சிஸ்டர் நகையை அடகு வைக்கல. நைட் டியூட்டி முடிச்சிட்டு ஓஇடி படிக்கிறாங்க.

அவர் போனால் எங்க ஐசியூவுக்குப் பெரிய இழப்புதான்.

ஆனாலும் போகட்டும். ஏமாந்து மட்டும் போகக் கூடாது.