வெறும் சுவரைப் பார்த்தவர்



மோனாலிசாவை எல்லோருக்கும் தெரியும். லூயி பெரூவைத் தெரியுமா? 1852இல் பிரான்சின் லியோன் நகரில் பிறந்த ஓவியர். பெரிய பெயர் எடுத்தவர் இல்லை.

19ஆம் நூற்றாண்டில் அருங்காட்சியகத்தின் உட்புறத்தையே ஓவியமாகத் தீட்டுவது ஒரு தனி வகையாக இருந்தது. பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் 'சலோன் காரே' என்றொரு கூடம். இத்தாலியரான ஜுசெப்பே காஸ்டிலியோனே அதை 1861இல் வரைந்தார். பெரூ 1883இல் வரைந்தார். அப்போதெல்லாம் சட்டத்தோடு சட்டம் ஒட்டிச் சுவர் முழுக்கப் படங்கள் மாட்டியிருப்பார்கள். அதை இன்று நாம் பார்ப்பது இவர்கள் புண்ணியத்தில்தான்.

அந்தக் கூடங்களில் பழைய ஓவியங்களைப் பார்த்து வரைந்து பழகியவர்களில் பெண்கள் நிறைய. பாரிஸின் அரசு ஓவியப் பள்ளி 1897 வரை பெண்களைச் சேர்க்கவில்லை. அவர்களுக்கு லூவர்தான் வகுப்பறை.

1911 ஆகஸ்ட் 22, செவ்வாய்க்கிழமை. பெரூ வழக்கம்போல வரைய வந்தார். மோனாலிசா இருந்த இடத்தில் கொக்கிகள் மட்டும் இருந்தன. காவலரிடம் கேட்டார். "போட்டோ எடுக்கக் கொண்டுபோயிருப்பார்கள்" என்று பதில் வந்தது. அவர் விடவில்லை. மறுபடி விசாரிக்கச் சொன்னார். போட்டோ எடுப்பவர்களிடமும் படம் இல்லை! முந்தின நாள், விடுமுறையான திங்களன்றே திருடுபோயிருந்தது. முன்பு அங்கே வேலை பார்த்த பெருஜா என்பவர் எடுத்துப் போயிருந்தார். 1913 டிசம்பரில்தான் இத்தாலியின் ஃபுளோரன்ஸில் கிடைத்தது.

காவலர்களும் அந்தச் சுவரைப் பார்த்தவர்கள்தான். ஆனால் ஒவ்வொரு படத்தையும் உட்கார்ந்து பார்த்து வரைந்தவருக்குத்தான் இல்லாதது உறுத்தியது.

எட்டாம் வகுப்பில் ஒரு மாணவி மூன்று நாள் வரவில்லை. "ஊருக்குப் போயிருப்பா டீச்சர்" என்றார்கள் பிள்ளைகள். மாலையில் அவள் வீட்டுக்குப் போனேன். மில் வேலைக்கு அனுப்பப் பேசி முடித்திருந்தார்கள். நான்கு முறை நடந்தேன். பத்தாம் நாள் வகுப்புக்கு வந்தாள். பெயர் வேண்டாம், இதைப் படித்தால் அவளுக்கே தெரியும்.

உங்களில் பலர் இன்று ஆசிரியர்கள். வருகைப் பதிவு இப்போது செல்போனில் என்கிறார்கள். வரவில்லை என்று குறித்துவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விடாதீர்கள். மூன்றாம் நாளும் ஓர் இடம் காலியாக இருந்தால் வீட்டுக்கு ஒரு போன் போடுங்கள். போனை எடுக்கவில்லையென்றால் நேரில் போய்ப் பாருங்கள்.