சுக்குவுக்கு வெயில் வைத்த கதை

சிட்னியின் மேற்கே டூங்காபி ஸ்டேஷனில் இறங்கினால் நண்பர் வீடு பத்து நிமிட நடை. “எல்லாம் கடைக்காரர் சொன்னபடிதான் வச்சிருக்கோம், நீங்களே வந்து பாருங்க” என்றிருந்தார். பையில் ஒரு இன்ச் டேப்பும், தள்ளி நின்றே சூடு பார்க்கும் தெர்மாமீட்டர் துப்பாக்கியும் எடுத்துக்கொண்டேன். துப்பாக்கி, தோசைக்கல்லுக்காக வாங்கியது.

ஹாலில் நாலடி நீளக் கண்ணாடித் தொட்டி. உள்ளே ஒரு முழ நீளத்தில், மணல் நிறத்தில், தாடையோரமெல்லாம் முள்ளாக ஒரு பியர்டட் டிராகன். நண்பரின் 12 வயது மகள் வைத்த பெயர் சுக்கு. தொட்டுப் பார்த்தேன், பொருத்தமான பெயர்தான். முள் பார்வைக்குத்தான் முரடு, விரலில் குத்தவில்லை. நம்மூர் ஓணானுக்கு இது பங்காளி முறை. ஆனால் வேலியில் போனதை வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதை இல்லை. நியூ சவுத் வேல்ஸில் காட்டில் பிடித்து வளர்க்கக் கூடாது. வளர்ப்பில் பிறந்ததை வாங்கவும் உரிமம் வேண்டும். அது அப்பா பெயரில் இருக்கிறது.

கண்ணாடியில் ஒட்டியிருந்த வட்ட தெர்மாமீட்டர் 31 டிகிரி காட்டியது. விளக்கடியில் இருந்த கல்மேல் துப்பாக்கியை நீட்டினேன்: 53. வெயில் காய 40 போதும். “சுக்கு ஏன் கல்லு மேல ஏறவே மாட்டேங்குது?” என்று அவள் கேட்டுக்கொண்டிருந்ததற்கு அதுவே பதில். நிழல் மூலையில் 26, அங்கே குறையில்லை.

மூடிமேல் யூவிபி ட்யூப், புதுசு, 70 டாலராம். மூடியை விரலால் தட்டினேன். ‘டங்’ என்றது. கண்ணாடி! வெளிச்சம் இறங்கும், யூவிபி கதிர் இறங்காது. கதிர் படாவிட்டால் உடம்பில் வைட்டமின் டி3 ஊறாது. அது இல்லாமல் தின்கிற சுண்ணாம்புச் சத்து எலும்பில் சேராது. நாளடைவில் தாடை ரப்பராக இளகும், கால் வளையும்.

“தினமும் கால்சியம் பொடி தூவறோமே, அங்கிள்?”

தூவுகிறார்கள்தான். துணி துவைக்கும் அறையில் கத்திக்கொண்டிருந்த பூச்சி டப்பாவைக் காட்டினாள், 7 டாலர். சுக்குவின் இரண்டு கண்ணுக்கு நடுவே உள்ள இடைவெளியைவிடப் பெரிய பூச்சியை இடுக்கியால் ஒதுக்கிவிடுகிறாள். அந்தக் கவனம் பெரியவர்களுக்கு வராது. தட்டில் மட்டும் பாலக்கீரை. அது சுண்ணாம்பைக் கட்டிப்போடும், எப்போதாவது போதும் என்றேன்.

நண்பர் “ஆனா கடைக்காரர்...” என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். காரை எடுத்தோம். 9 கிலோமீட்டரில் ஹார்ட்வேர் கடை: கம்பிவலை 18 டாலர், வாட் குறைந்த பல்பு 12. கண்ணாடி மூடி கராஜுக்குப் போனது. வலையும் கதிரில் ஒரு பங்கை விழுங்கும் என்பதால் ட்யூபை உள்பக்கமாக மாட்டினோம். டேப் பிடித்தேன், சுக்குவின் முதுகுக்கும் அதற்கும் 33 சென்டிமீட்டர்.

ஒரு மணி நேரம் கழித்துக் கல் 41. சுக்கு நகம் கீச்சிட ஏறியது, உடம்பைத் தோசை மாதிரிப் பரப்பியது, வாயைப் பிளந்தது.

“கோபமா?”

“இல்லம்மா, சூடு ஏறிடுச்சு, ஆத்திக்குது.”

ட்யூப் எரிந்துகொண்டே இருந்தாலும் கதிர் ஒரு வருஷத்தில் வற்றிவிடும் என்றதும், அதன் ஓரத்தில் மார்க்கரால் தேதி எழுதினாள். நண்பர் துப்பாக்கியை வாங்கி ஃபிரிட்ஜ், ஜன்னல், தன் நெற்றி என்று சுட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். தோசைக்கல்லுக்கு நான் வேறு வாங்கவேண்டும்போல.