மறுபடி பெட்ரோலுக்கா? ஆளை விடுங்க!

நார்வேயின் தலைநகரம் ஆஸ்லோ. நடு ரோடு. உறுமல் இல்லை, புகை இல்லை. பூனை மாதிரி வந்து பக்கத்தில் நிற்கிறது கார். நம்பர் பிளேட்டில் 'இ.எல்.' என்று இருந்தால் கரண்ட் வண்டி என்று அர்த்தம்.

ஆரம்பித்து வைத்த புண்ணியவான்களில் ஒருவர் பாட்டுக்காரர்! 'ஆஹா' பாப் குழுவின் மார்ட்டன் ஹார்கெட், 1989-ல் பாட்டரியில் ஓடும் ஃபியட் பாண்டாவில் ஏறி, 'டோல் கட்ட மாட்டேன்' என்று அழும்பு பண்ணினார். 1990-ல் இறக்குமதி வரி போச்சு. 1997-ல் டோல் போச்சு. 2001-ல் வாட் வரியும் போச்சு. அப்புறம் சலுகைகளை ஒவ்வொன்றாகக் குறைத்தும் பார்த்தார்கள். ஊஹூம்! 2024-ல் விற்ற புதுக் கார்களில் பத்துக்கு ஏறக்குறைய ஒன்பது கரண்ட் கார்தான்.

கஷ்டமே இல்லையா? இருக்கு சார். கடுங்குளிரில் பாட்டரி சுருண்டு படுக்கும். ஈஸ்டர் லீவுக்கு ஊரே மலைக்குக் கிளம்பினால் சார்ஜரில் க்யூ.

'திரும்பப் பெட்ரோலுக்குப் போவீங்களா?' மெக்கின்ஸி நிறுவனம் 2024-ல் பல நாட்டுக் கரண்ட் கார்க்காரர்களைக் கேட்டது. அமெரிக்காவில் நூற்றுக்கு 46 பேர் தலையாட்டினார்கள். நார்வேயில் 18 பேர்தான்.

ரகசியம் வீட்டு வாசலில். சொந்த வீடு, சொந்த பிளக். ராத்திரி நாம் தூங்க, வண்டி வயிறு நிரப்பிக்கொள்ளும். ஃப்ளாட்டில் குடியிருந்து தெருவில் வண்டி நிறுத்துகிறவன் பாடுதான் அங்கேயும் திண்டாட்டம்.

அந்தப் 18 பேரில் எத்தனை பேர் வீட்டு வாசலில் பிளக் இல்லையோ!