ஒரு ஓட்டும் நானூறு ரூபாயும்

2024 ஏப்ரல் 19. என் முதல் ஓட்டு. ஊருக்குப் போய் வர பஸ் செலவு 400 ரூபாய், ராத்திரி தூக்கம் வேறு போச்சு. "உன் ஒரு ஓட்டால என்னடா மாறிடும்?" என்று ரூம்மேட் சிரித்தான். நான் படிப்பது காமர்ஸ் ஆச்சே... செலவுக்கு ஏத்த வரவு இல்லைதான் என்று எனக்கும் தோன்றியது.

அப்போதுதான் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் நினைவுக்கு வந்தன. மதுரை மாவட்டம், உசிலம்பட்டிப் பக்கம். 1996-ல் அங்கே பஞ்சாயத்துத் தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது. அதற்கப்புறம் பத்து வருஷம் நிலையான தலைவரே இல்லை! ஒன்று, யாரையும் மனு போட விடவில்லை. இல்லாவிட்டால், ஆதிக்க சாதியினர் நிறுத்திய ஆள் ஜெயித்த கையோடு ராஜினாமா. ஓட்டுப்பெட்டி வந்தும் சுதந்திரம் வரவில்லை. அதே மாவட்டத்து மேலவளவில், துணிந்து நின்று தலைவரான முருகேசன் 1997-ல் வெட்டிக் கொல்லப்பட்டார்.

2006-ல்தான் நிலைமை மாறியது. அரசும் மாவட்ட நிர்வாகமும் ஊர்க்காரர்களிடம் பேசிப் பேசித் தேர்தல் நடத்தின. இந்த முறை ஜெயித்தவர்கள் நாற்காலியில் நிலைத்தார்கள்.

அப்போ ஓட்டு மட்டுமே விடுதலை தந்துவிடுமா? தராது. தேர்தலில் நிற்கவும், ஜெயித்தபின் உட்காரவும் முடிய வேண்டும். ஆனால் ஓட்டால் ஒன்றுமே மாறாது என்றால், அதைச் செல்லாக்காசாக்க அத்தனை பேர் ஏன் பத்து வருஷம் மெனக்கெட்டார்கள்?

அந்த 400 ரூபாயை நஷ்டக் கணக்கில் எழுத எனக்கு மனசு வரவில்லை. நீங்க எந்தப் பக்கம் எழுதுவீங்க?