கோலா கங்சாரில் ஒரு பால்மரம்

பள்ளி விடுமுறைக்குப் பேத்தி வந்திருந்தாள். "தாத்தா, எங்கேயாவது கூட்டிக்கொண்டு போங்கள்" என்று இரண்டு நாளாக நச்சரிப்பு. வெகு தூரம் போக என் முழங்கால் இடம் கொடுக்காது. கோலா கங்சாருக்குப் போய் வரலாம் என்று முடிவு செய்தோம்.

ஈப்போவிலிருந்து வடக்கே சுங்கை சிப்புட்டைத் தாண்டிப் போனால், பேரா ஆற்றங்கரையில் அமைதியாக இருக்கிறது இந்த அரச நகரம். வழியெல்லாம் செம்பனைதான். "இதெல்லாம் ஒரு காலத்தில் பால்மரம்" என்றேன். "பால்மரம் என்றால் எப்படி இருக்கும்?" என்று கேட்டாள் பேத்தி. தோட்டத்து லயத்தில் பிறந்தவனின் பேத்தி கேட்கிற கேள்வியா இது? தவறு அவளுடையதல்ல. அவள் பிறந்தது பட்டணத்து வீடமைப்பில்.

அதனால் முதலில் மாவட்ட அலுவலகத்தின் அருகே நிற்கும் மரத்திடம் அழைத்துப் போனேன். பிரேசில் நாட்டிலிருந்து 1876இல் விதையாக லண்டன் போய், அங்கிருந்து கன்றாகச் சிங்கப்பூர் வந்து, 1877இல் ஒன்பது கன்றுகள் கோலா கங்சாரை அடைந்தன. அன்றைய பிரிட்டிஷ் ரெசிடெண்ட் ஹியூ லோ தம் தோட்டத்தில் அவற்றை நட்டார். அந்த ஒன்பதில் ஒன்று என்று சொல்லி இந்த மரத்துக்கு வேலி போட்டு, பெயர்ப்பலகையும் வைத்திருக்கிறார்கள். நம் பாட்டன் பூட்டன்கள் கடல் கடந்து வந்த கதையில் பாதி இந்த மரத்தடியில் தொடங்குகிறது. பேத்தி பட்டையைத் தொட்டுப் பார்த்தாள். நான் சற்று நேரம் பேசவில்லை.

பிறகு ஊரைச் சுற்றினோம். தங்கக் கும்மட்டங்களோடு நிற்கும் உபுடியா பள்ளிவாசலின் கட்டடப் பணி 1913இல் தொடங்கி 1917இல் முடிந்தது. இத்தாலியிலிருந்து வந்த பளிங்குக் கற்களை இரண்டு யானைகள் சண்டையிட்டு மிதித்து உடைத்ததால், மறுபடியும் கல் வரவழைத்தார்களாம். இதைக் கேட்டுப் பேத்திக்கு ஒரே சிரிப்பு. அப்பால் 1926இல் எழுந்த கெனாங்கான் அரண்மனை. ஆணி அடிக்காமல் கட்டியது என்பார்கள். மூங்கிலைப் பாய்போலப் பின்னிச் சுவராக்கியிருக்கிறார்கள். முடைந்த கை யாருடையதோ, அந்தச் சுவரே ஓர் ஓவியம்.

ஆற்றைக் கடந்தால் சாயோங். சுரைக்காய் வடிவில் கறுப்பு நிறத்தில் இருக்கும் 'லாபு சாயோங்' பானைக்குப் பேர்போன இடம். களிமண்ணை இடித்துச் சலித்து, உருவாக்கி, உலர்த்தி, வழவழப்பாகத் தேய்த்துச் சுடுகிறார்கள். சூட்டோடு உமியில் புதைத்தால் கறுப்பு ஏறிவிடும். அதில் ஊற்றிய தண்ணீர் சில்லென்று இருக்கும். வெல்வெட்டுத் துணியில் தங்க நூலால் செய்யும் 'தெக்காட்' வேலைப்பாடும் இவ்வூரின் பெருமை. சுல்தான் அஸ்லான் ஷா காட்சிக்கூடத்தில் சுல்தானுக்கு வந்த பரிசுப் பொருள்களையும் அவர் பயன்படுத்திய பொருள்களையும் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்.

இதையெல்லாம் பார்த்துவிட்டுத் தேநீர்க் கடையில் உட்கார்ந்தபோதுதான் பேத்தி கேட்டாள்: "தாத்தா, அந்த மரத்துக்கு வேலி போட்டிருக்கிறார்கள். அதை வெட்டிய பாட்டியின் கத்தி எங்கே இருக்கிறது?"

எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. அம்மா இருபத்தெட்டு வருடம் பிடித்த கத்தி அது. பிடியில் அவள் விரல் பதிந்த பள்ளம் இருக்கும். தோட்டம் கைமாறி, லயத்தைக் காலி செய்த வாரம், மங்கு, வாளி, காண்டா எல்லாவற்றோடும் சேர்த்துப் பழைய சாமான்காரரிடம் போட்டுவிட்டேன். அவர் கொடுத்த காசில் அன்றைக்கு ரொட்டி வாங்கினோம். போட்டது வேறு யாருமல்ல, நானே.

வாசகர்களே, உங்களில் எத்தனை பேர் வீட்டில் இதே கதை? அரசர்களின் பொருளுக்குக் காட்சிக்கூடம் இருக்கிறது. நம் பொருளுக்கு எங்கே இடம்? பெரிய கட்டடம் வேண்டாம், பொது நூலகம் போதும் என்று எனக்குத் தோன்றுகிறது. நூலகமும் கலைப்பொருளும் அக்கம்பக்கத்தில் இருப்பது புதிதல்ல. சென்னை எழும்பூரில் 1896இல் திறந்த கன்னிமாரா நூலகம் இருக்கும் வளாகத்திலேயே அருங்காட்சியகமும் ஓவியக்கூடமும் இருக்கின்றன. நம் பினாங்கிலும் டேவான் ஸ்ரீ பினாங்கு கட்டடத்தில் பொது நூலகமும் மாநில ஓவியக்கூடமும் ஒன்றாக இருந்த காலம் உண்டு.

காட்சிக்கூடத்துக்கு ஆசைப்பட்டவர்தான் போவார். நூலகத்துக்கோ பத்திரிகை படிக்கும் பெரியவரும் வருவார், பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையும் வரும். மலாய்க்காரர், சீனர், இந்தியர் எல்லாரும் வருவார்கள். போகிற போக்கில் ஒரு மேசையில் ஒரு மங்கைப் பார்த்தால், 'இது என்ன?' என்று நிற்பார்கள். பதில் பக்கத்து அலமாரிப் புத்தகத்தில் இருக்கும்.

செய்ய வேண்டியது அதிகமில்லை. வீட்டில் மிஞ்சியிருக்கும் கத்தி, மங்கு, அம்மி, சம்பளச் சீட்டு, கோயில் திருவிழாப் படம் எதுவானாலும் எடுத்துத் துடைத்து வையுங்கள். யார் வைத்திருந்தது, எந்தத் தோட்டம், எந்த வருடம் என்று ஓர் அட்டையில் தமிழிலும் மலாயிலும் எழுதுங்கள். நான்கு குடும்பம் சேர்ந்து உங்கள் ஊர் நூலக அதிகாரியைப் பார்த்துக் கேளுங்கள். பிள்ளைகள் வரைந்த தோட்டத்துப் படங்களையும் சுவரில் ஒட்டலாம். கேட்டால்தானே கிடைக்கும்?

வீடு திரும்பியதும் பேத்தி கொல்லைப்புறத்தில் தேடி, செடி நட்டிருந்த ஒரு பழைய மங்கைக் கண்டுபிடித்தாள். விளிம்பில் ஒட்டுப்பால் கறை இன்னும் இருந்தது. செடியை வேறு தொட்டிக்கு மாற்றி, மங்கைக் கழுவி, மேசையில் கவிழ்த்து வைத்தாள். பிறகு காகிதமும் பேனாவும் எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"சொல்லுங்கள் தாத்தா, பாட்டி எத்தனை மணிக்குப் பெரட்டுக்குப் போவார்?"

சொல்லத் தொடங்கினேன்.