மாலை நாலு முதல் எட்டு வரை

பியானோ டீச்சரிடம் விற்பதற்கு இருப்பது மாலை நாலு மணிக்கும் எட்டு மணிக்கும் இடைப்பட்ட நேரம் மட்டும்தான். பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து, சீருடை மாற்றி, எதையாவது வாயில் போட்டுக்கொண்டு கிளம்பினால் மணி நாலாகிவிடும். எட்டுக்கு மேல் வாசித்தால் மாடி வீட்டுக்காரர் இறங்கி வருவார். ஆளுக்கு அரை மணி என்று வைத்தாலும் ஒரு மாலைக்கு எட்டுப் பேர். காலை முழுக்க பியானோ மூடிக் கிடக்கும். சென்னை புரசைவாக்கத்தில் ஒரு அடுக்குமாடி வீட்டின் முன்னறையில் தனியாக பியானோ வகுப்பு நடத்தும் அம்மையார் ஒருவரைப் பார்க்கப் போயிருந்தேன். பிள்ளைகளும் பெற்றோரும் கூப்பிடுவது போலவே நானும் அவரை மிஸ் என்றே கூப்பிட்டேன். உள்ளே போனதும் அவர் காட்டியது சுவரில் ஒட்டியிருந்த அட்டவணையைத்தான்.

அதில் பெயர்கள் பென்சிலில் இருந்தன. ஜூன் வந்தால் டியூஷன் நேரம் மாறும், பத்தாம் வகுப்புக்குப் போகிற பிள்ளை நின்றுவிடும், நீச்சல் வகுப்புக்கும் பியானோவுக்கும் ஒரே நாள் விழும். அழித்து அழித்து எழுதியதில் சில கட்டங்களில் தாள் நைந்து போயிருந்தது. "வெள்ளிக்கிழமை அஞ்சரை மட்டும் யாருக்கும் தரிக்க மாட்டேங்குது சார்" என்றார். அட்டவணைக்குக் கீழே அச்சடித்த இரண்டு வரிகள். மாதக் கட்டணம் 5-ஆம் தேதிக்குள். வராத வகுப்புக்குக் கழிவு கிடையாது. இரண்டாவது வரியை எழுதத் தைரியம் வர அவருக்குப் பல வருடங்கள் பிடித்திருக்கின்றன.

எழுதிவிட்டால் மட்டும் போதாது. நான் உட்கார்ந்திருக்கும்போதே ஒரு அம்மா வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்றபடி கேட்டார்: "மிஸ், இந்த மாசம் ரெண்டு கிளாஸ்தான் வந்தான். ஊருக்குப் போயிட்டோம். பாதி குடுத்தா போதும்ல?"

"அந்த ரெண்டு வாரமும் அவன் இடத்துல நான் வேற யாரையும் உக்கார வைக்கலையேம்மா."

குரலில் கோபம் இல்லை. அந்த அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டுப் போனை எடுத்து முழுப் பணத்தையும் அனுப்பினார். டீச்சர் பக்கம்தான் நியாயம் என்பது என் கட்சி. பிள்ளை காய்ச்சலில் படுத்திருந்த வாரத்துக்கும் சேர்த்துத்தான் பள்ளி வேனுக்குப் பணம் கட்டுகிறோம், அங்கே யாரும் பாதி கேட்பதில்லை. பாட்டுச் சொல்லித் தருகிறவர்களிடம் மட்டும் கணக்கு நுணுக்கமாகிவிடுகிறது. வீட்டிலேயே நடப்பதால் செலவில்லாத தொழில் என்று ஒரு நினைப்பு. அந்தப் பியானோவைப் பராமரிக்க ஆகும் செலவைப் பிறகு சொல்கிறேன்.

அவருக்குச் சொந்த ஊர் பாளையங்கோட்டை. அப்பா கோயில் பாடகர் குழுவில் பேஸ் குரல். பாமாலைப் பாட்டுகளை நாலு குரலாகப் பிரித்துப் பாடும் வழக்கம் அந்தப் பக்கத்து சி.எஸ்.ஐ. கோயில்களில் ஊறிப்போனது. பல ஸ்வரங்கள் சேர்ந்து ஒலிக்கும் கார்ட் என்றால் என்ன என்று யாரும் விளக்குவதற்கு முன்பே அவர் காதுக்கு அது பழகியிருந்தது. கல்யாணமாகி சென்னைக்கு வந்து, சில காலம் ஒரு பள்ளியில் இசை ஆசிரியை. ஐம்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஆண்டு விழாப் பாட்டு மட்டுமே சொல்லித் தர முடிந்ததில் அலுத்துப்போய் வெளியே வந்திருக்கிறார்.

சென்னைக்கு இந்த வாத்தியம் புதிதில்லை. மவுண்ட் ரோட்டில் இருக்கும் மியூசி மியூசிக்கல் கடையின் வரலாறு 1842-இல் தொடங்குகிறது. மெட்ராஸ் மியூசிக்கல் அசோசியேஷன் பாடகர் குழு 1893-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. இளையராஜா மேற்கத்திய இசை கற்றுக்கொண்டது தன்ராஜ் மாஸ்டரிடம். அவர் பாடம் நடத்தியது மயிலாப்பூரில் ஒரு லாட்ஜ் அறையில். ஏ.ஆர். ரஹ்மானும் அவரிடம் படித்தவர்தான். பெரிய பெரிய நிறுவனங்கள் பின்னாளில் வந்தன. இந்த ஊரில் பியானோவைக் காப்பாற்றி வந்ததில் இப்படித் தனியாக ஒரு அறையை வைத்துக்கொண்டு சொல்லிக்கொடுத்தவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

நாலு மணிக்கு முதல் பிள்ளை. மூன்றாம் வகுப்புப் படிக்கும் பெண். பியானோ மூடிமேல் ஒரு நகவெட்டி இருந்தது. அது எதற்கென்று எனக்குப் புரியுமுன் மிஸ் அவள் கையைப் பிடித்து விரல்களைத் திருப்பிப் பார்த்து, இரண்டு நகங்களை வெட்டிவிட்டார். நகம் நீண்டால் விரல் நுனி கட்டையில் படாது, விரல் தட்டையாகிவிடும், தட்டையான விரலில் வேகம் வராது. பிறகு காலுக்கு ஒரு பலகை. தரையில் கால் எட்டாமல் ஆடிக்கொண்டிருந்தால் இடுப்பு நிலைக்காது, கையில் பலம் இறங்காது. ஸ்டூலின் உயரத்தைத் திருகிச் சரிசெய்து, முழங்கை கட்டையின் மட்டத்துக்கு வந்ததா என்று பார்த்தார். இத்தனையும் முடிந்த பிறகுதான் முதல் ஸ்வரம்.

"வீட்டுல எத்தனை நாள் வாசிச்ச?"

"டெய்லி மிஸ்."

"டெய்லின்னா?"

"நேத்து."

அவள் ஸி மேஜர் ஸ்கேலை வாசித்தாள். வலது கையில் மூன்று விரல் முடிந்ததும் கட்டைவிரல் உள்ளங்கைக்கு அடியில் நுழைந்து நாலாவது கட்டையைப் பிடிக்க வேண்டும். அந்த இடத்தில் முழங்கை வெளியே தூக்கிக்கொண்டு, ஸ்வரம் இடித்துக்கொண்டு விழுந்தது. மறுபடியும் அங்கேயே. மிஸ் என் பக்கம் திரும்பிச் சொன்னதை நான் குறித்துக்கொண்டேன்: "ஒரே இடத்துல தடுக்கினா வாசிச்சிருக்கா, ஆனா தப்பா வாசிச்சிருக்கான்னு அர்த்தம். தடுக்கற இடம் மாறிக்கிட்டே இருந்தா வாசிக்கவே இல்ல. கிளாஸ் அரை மணிதான் சார். மிச்ச ஆறு நாள்தான் எனக்குக் கவலை."

அந்த ஒரு திருப்பத்தை மட்டும், ஸ்கேலை விட்டுவிட்டு, மெதுவாக, கட்டைவிரலைக் கொஞ்சம் முன்கூட்டியே நகர்த்தி, கால் மணி நேரம் செய்ய வைத்தார். புதுப் பாடம் எதுவும் தரவில்லை. இதைப் பார்த்தால் இன்னிக்கு ஒன்றும் சொல்லித் தரவில்லை என்று பெற்றோர் நினைக்கக்கூடும்.

அடுத்த பையன் வேறு ரகம். கர்நாடக சங்கீத வகுப்பிலிருந்து நேராக வருகிறவன், கூடவே பாட்டி. "இவனுக்கு ஒரு கட்டை சுருதி சார்" என்று பாட்டி எனக்கே சொன்னார். ஒரு கட்டை என்றால் இங்கே ஸி, ஐந்து கட்டை என்றால் ஜி. பையன் ஒரு தடவை கேட்டால் அப்படியே வாசித்துவிடுகிறான், அதுதான் தொல்லை. கண் தாளில் படுவதே இல்லை. மிஸ் ஒரு பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையை எடுத்து, அவன் வாசித்து முடிக்கும் பகுதியை உடனுக்குடன் மறைத்துக்கொண்டே வந்தார். மறைந்துபோனதைப் பார்க்க முடியாது, கண் முன்னே ஓடியாக வேண்டும். நடுவே அவன் பழக்க தோஷத்தில் ஒரு ஸ்வரத்தை அசைத்துப் பார்க்க, பக்கத்துக் கட்டையும் சேர்ந்து அலறியது. "ரெண்டு கட்டைக்கு நடுவுல ஒண்ணும் கிடையாதுடா தம்பி" என்றார் மிஸ். பாட்டிக்குத்தான் அது ஏமாற்றமாக இருந்தது.

ட்யூனர் வரும் நாளில் காலையிலேயே போனேன். வயதானவர், அப்பாவிடம் தொழில் கற்றவர். கோயில், கிளப், வீடு என்று பியானோ இருக்கும் இடங்களுக்கெல்லாம் கைப்பையோடு போய் வருகிறார். அப்ரைட் பியானோவின் மேல்பலகையையும் கீழ்ப்பலகையையும் கழற்றி வைத்தார். 88 கட்டைகளுக்கு 200-க்கு மேற்பட்ட கம்பிகள். மேல் ஸ்தாயியில் ஒரு ஸ்வரத்துக்கு மூன்று, கீழே இரண்டு, அடியில் செம்பு சுற்றிய ஒற்றைக் கம்பி. இவை எல்லாம் சேர்ந்து இழுக்கும் இழுப்பு பல டன். அதைத் தாங்குவது உள்ளே இருக்கும் வார்ப்பிரும்புச் சட்டம். அதனால்தான் இந்தப் பெட்டியை நகர்த்த நாலைந்து ஆள் வேண்டியிருக்கிறது.

"மெட்ராஸ்தான் சார் பியானோவுக்கு எமன்" என்றார். கடல் காற்றில் கம்பி துருப்பிடிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒலிப்பலகை ஈரத்தைக் குடித்து உப்பும், சுருதி ஏறும். வெயிலில் காய்ந்தால் இறங்கும். சுத்தியல்கள் அசையும் மூட்டுகளில் இருக்கும் ஃபெல்ட் ஈரத்தில் பருத்து இறுகினால் அழுத்திய கட்டை மேலே எழும்பாது. எலி புகுந்தால் அதே ஃபெல்ட்டைக் கிழித்துக் கூடு கட்டும். ஈரத்தை விரட்ட அந்தக் காலத்தில் பெட்டிக்குள் ஒரு சின்ன குண்டு பல்பை எரிய விடுவார்களாம், மிஸ் இன்னும் விடுகிறார். எல்.இ.டி. பல்பு சூடாகாது என்பதால் பழைய பல்பைத் தேடி வாங்கிச் சேர்த்து வைத்திருக்கிறார்.

நடுப்பகுதிக் கம்பிகளுக்கிடையே நீளமான ஃபெல்ட் பட்டை ஒன்றைச் செருகி, மூன்று கம்பியில் ஒன்று மட்டும் ஒலிக்கும்படி செய்துகொண்டார். நொடிக்கு 440 அதிர்வு தரும் சுருதிக் கவையை முழங்காலில் தட்டிக் காதருகே வைத்து, ஏ ஸ்வரத்தை அதற்குச் சேர்த்தார். பிறகுதான் வித்தை. இரண்டு ஸ்வரங்களைச் சேர்த்து அழுத்தினால் ஒலிக்குள்ளே ஒரு துடிப்பு கேட்கும். எந்த ஸ்கேலிலும் வாசிக்க வசதியாக எல்லா அரைஸ்வரங்களையும் சமமாகப் பிரிப்பதால், பஞ்சமம் மயிரிழை குறைய வேண்டும், அந்தரகாந்தாரம் சற்றே கூட வேண்டும். நடுக்கட்டைக்குக் கீழே உள்ள எஃப்-ஐயும் ஏ-ஐயும் சேர்த்து அழுத்தி, "எண்ணிப் பாருங்க, செகண்டுக்கு ஏழு" என்றார். எனக்கு ஏதோ நடுக்கம் மட்டும் கேட்டது. அவருக்கு அந்த ஏழு எட்டானாலும் தெரியும், ஆறானாலும் தெரியும். சாவியை ஆணியில் மாட்டி அவர் திருப்பும் அளவு கண்ணுக்குத் தெரிவதில்லை. ஒரு ஸ்தாயி நிலைத்ததும் அதிலிருந்து மேலும் கீழும் போனார், பட்டையை உருவி மற்றக் கம்பிகளையும் ஒன்றோடொன்று சேர்த்தார்.

இப்போது இதற்குப் போனில் செயலிகள் இருக்கின்றனவே என்று கேட்டேன். "இருக்கு, நானும் வெச்சிருக்கேன். ஆனா ஒவ்வொரு பொட்டிக்கும் கம்பி வேற சார். மேல போகப்போக ஸ்தாயியைக் கொஞ்சம் இழுத்துத்தான் வைக்கணும். எவ்வளவு இழுக்கறதுன்னு காதுதான் கடைசில சொல்லும்." அவர் கூலி மிஸ்ஸின் பையிலிருந்து போனது. மழைக்குப் பிறகு ஒரு தடவை, தேர்வுக்கு முன் ஒரு தடவை, இடையில் கட்டை ஒட்டிக்கொண்டால் மறுபடியும்.

தேர்வு என்றால் பெரும்பாலும் லண்டன் ட்ரினிட்டி கல்லூரி நடத்துவது. இனிஷியல், அதற்கு மேல் 1 முதல் 8 வரை கிரேடுகள். மூன்று உருப்படிகளுக்குத் தலா 22 மதிப்பெண், ஸ்கேல் முதலான பயிற்சிகளுக்கு 14, பார்த்து வாசிப்பது, கேட்டுச் சொல்வது போன்ற இரண்டு சோதனைகளுக்குத் தலா 10. ஆக 100. 60 எடுத்தால் தேர்ச்சி, 75-க்கு மெரிட், 87-க்கு டிஸ்டிங்ஷன். பிரிட்டன் பல்கலைக்கழகச் சேர்க்கையில் 6 முதல் 8 வரையிலான கிரேடுகளுக்குப் புள்ளிகள் உண்டு என்பதைப் பெற்றோர் நன்றாகத் தெரிந்து வைத்திருக்கிறார்கள். தேர்வுக் கட்டணத்தில் டீச்சருக்கு ஒரு காசும் வராது. ஆனால் அவர் தேர்வை வெறுக்கவில்லை. தேதி ஒன்று இருந்தால்தான் வீட்டில் வாசிக்கிறார்கள் என்கிறார்.

அவருக்கு ஆகாதது வருடத்துக்கு ஒரு கிரேடு என்ற அவசரம். மூன்றே உருப்படிகளை வருடம் முழுக்க அரைத்து, மெரிட்டும் வாங்கிவிட்டு, வேறொரு எளிய பாட்டை நீட்டினால் வாசிக்கத் தெரியாமல் விழிக்கும் பிள்ளைகள் அவரிடம் நிறைய வந்து சேர்கிறார்கள். இரண்டு கிரேடுகளுக்கு நடுவே ஆறு மாதம் தேர்வே வேண்டாம் என்கிறார். சினிமாப் பாட்டு, பாமாலை, கண்ட தாளை எடுத்து வாசிப்பது என்று அந்த ஆறு மாதம் போகும். பொறுக்காத பெற்றோர் வேறு டீச்சரிடம் போய்விடுகிறார்கள். போகட்டும் என்கிறார், அட்டவணையில் கட்டம் காலியாவது அவருக்கு வலித்தாலும். இந்த விஷயத்தில் அவர் இன்னும் கறாராக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

2019-இல் பியானோ வாசிக்கும் சிறுவன் லிடியன் நாதஸ்வரம் அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டியில் வென்றபோது விசாரிப்புகள் குவிந்தனவாம். வந்தவர்களில் பாதிப் பேர் கேட்டது எத்தனை மாதத்தில் அந்த வேகம் வரும் என்பதை. அடுத்த ஆண்டே ஊரடங்கு. வீடியோ வகுப்பில் நீண்டு ஒலிக்கும் பியானோ ஸ்வரத்தை இரைச்சல் என்று எண்ணி மென்பொருள் வெட்டிவிடும். அதை நிறுத்தும் அமைப்பு எங்கே இருக்கிறது என்று ஒவ்வொரு தாய்க்கும் போனில் சொல்லி மாளவில்லை என்றார். வெளிநாடு போய்விட்ட ஓரிரு பழைய மாணவர்களைத் தவிர மற்றவர்களுக்கு இப்போது நேர் வகுப்புதான்.

பிள்ளையைச் சேர்க்கப் போகிறவர்களுக்கு, அவரிடம் கேட்டதையும் கண்ணால் பார்த்ததையும் வைத்துச் சிலது சொல்கிறேன். முதல் நாளே பியானோ வாங்க ஓடாதீர்கள். 61 கட்டை கீபோர்டு சில மாதம் தாங்கும். ஆனால் பிள்ளை நிலைத்துவிட்டது என்று தெரிந்ததும், பாரமான 88 கட்டையும் பெடலும் உள்ள டிஜிட்டல் பியானோவுக்கு மாறுங்கள், இல்லையென்றால் விரலுக்குப் பலம் வராது. கீபோர்டுக்குத் தேர்வு வாரியத்தில் தனிப் பாடத்திட்டம் இருக்கிறது, இரண்டில் எதைப் படிக்கிறது பிள்ளை என்பதை முதலிலேயே கேட்டுத் தெளிவாகுங்கள். வாங்கியதைப் பையில் போட்டுப் பரணில் ஏற்றாமல் கூடத்தில் ஸ்டாண்டில் விரித்தபடியே வையுங்கள், போகிற போக்கில் பத்து நிமிடம் உட்காரும். ஏப்ரலில் நிறுத்திவிட்டு ஜூனில் மறுபடி சேர்த்து ஒரு மாதக் கட்டணத்தை மிச்சம் பிடிக்கும் வேலை மட்டும் வேண்டாம். விரல் மூன்று மாதம் பின்னே போய்விடும், அந்த டீச்சருக்கு மே மாதத்திலும் வாடகை உண்டு.