அஞ்சலட்டையில் ஒரு சதுரங்கப் போட்டி



சதுரங்கப் போட்டி என்றதும் நம் கண்முன் தோன்றுவது ஒரு மண்டபம், வரிசையான மேசைகள், டிக் டிக்கென ஓடும் கடிகாரங்கள், வெளியே கைபிசைந்து நிற்கும் பெற்றோர்கள். இவற்றுள் ஒன்றும் இல்லாமல், எதிராளியின் முகத்தையும் பாராமல், ஓராண்டோ ஈராண்டோ நடக்கும் போட்டி ஒன்று உண்டு. அஞ்சல்வழிச் சதுரங்கம் என்பது அதன் பெயர். ஒரு நாட்டின் தேசிய வெற்றியாளரையே இம்முறையில் தேர்ந்தெடுக்கிறார்கள். அது எப்படி நடக்கிறது என்பதையும், அதிலிருந்து நம் சிறிய பள்ளிகள் எதைக் கற்றுக்கொள்ளலாம் என்பதையும் இன்று எழுத விழைகிறேன்.

இதில் எனக்கு ஈடுபாடு பிறக்கக் காரணம் உண்டு. நான் பணியாற்றுவது பேராக்கில், முன்பு இரப்பர்த் தோட்டமாக இருந்து இன்று செம்பனை சூழ்ந்து நிற்கும் ஓரிடத்தில். தோட்டத்து மக்களில் பெரும்பாலோர் ஈப்போவுக்கும் சுங்கை சிப்புட்டுக்கும் குடிபெயர்ந்துவிட்டனர். லயங்கள் இல்லை, பள்ளி மட்டும் தோட்டத்தின் பெயரைச் சுமந்துகொண்டு நிற்கிறது. 150 மாணவர்களுக்கும் குறைவாக உள்ள பள்ளிகளைக் குறைந்த மாணவர் பள்ளி என்கிறோம். அத்தகைய பள்ளியில் சதுரங்கக் கழகம் தொடங்கினால் இரண்டு மாதங்களில் ஒரு சிக்கல் எழும். மாணவர்கள் தங்களுக்குள் ஆடி ஆடி, ஒருவர் மனத்தை ஒருவர் அறிந்துவிடுவர். புது எதிராளி வேண்டும். அதற்குப் பேருந்து வாடகை வேண்டும். ஒரு சனிக்கிழமை வேண்டும். அழைத்துச் செல்லப் பெற்றோர் வேண்டும். மூன்றும் ஒருசேர அமைவது அரிது.

இதே சிக்கல் எஸ்தோனியாவின் பார்னு என்னும் சிற்றூரில் ஒரு சிறுவனுக்கும் இருந்தது. ஊரில் வலுவான எதிராளிகள் இல்லை. அவன் அஞ்சலில் ஆடத் தொடங்கினான். ஒரு கட்டத்தில் ஏறத்தாழ 150 ஆட்டங்களை ஒரே நேரத்தில் நடத்திக்கொண்டிருந்தான். பின்னாளில் உலகின் தலைசிறந்த ஆட்டக்காரர்களுள் ஒருவராகப் புகழ்பெற்ற பால் கெரஸ்தான் அந்தச் சிறுவன். அவர் நாடு தன் 5 குரோன் பணத்தாளில் அவர் உருவத்தைப் பொறித்துப் பெருமைப்படுத்தியது.

பழைய வழக்கந்தான்

இது மேலைநாட்டாருக்கு மட்டும் உரிய கலை என எண்ண வேண்டா. இலண்டனும் எடின்பரோவும் 1824 முதல் 1828 வரை கடிதம்வழி ஆடிய போட்டி உலகப் புகழ் பெற்றது, எடின்பரோ வென்றது. ஏறத்தாழ அதே காலத்தில் நம் சென்னையும் ஐதராபாத்தும் கடிதம்வழி இரண்டு ஆட்டங்கள் ஆடின. சென்னை அணியின் ஆட்டங்களை வழிநடத்தியவர் குலாம் காசிம் என்பவர். அவரும் ஜேம்ஸ் காக்ரன் என்னும் அதிகாரியும் சேர்ந்து அவ்வாட்டங்களை விளக்கி எழுதிய நூல் 1829-இல் சென்னையில் அச்சாயிற்று. குலாம் காசிமின் பெயரால் வழங்கும் ஒரு தொடக்க முறை இன்றும் சதுரங்க நூல்களில் இருக்கிறது. தமிழ்நாட்டின் சதுரங்கப் பெருமையை 1988-இல் கிராண்ட்மாஸ்டரான விசுவநாதன் ஆனந்திலிருந்தும், 2024-இல் உலக வெற்றியாளரான குகேஷிலிருந்தும் தொடங்குவோர் இந்தப் பழங்கதையையும் மாணவர்களுக்குச் சொல்லலாம்.

தேசியப் போட்டி நடக்கும் முறை

இவ்வாட்டத்தின் உலக அமைப்பு அனைத்துலக அஞ்சல்வழிச் சதுரங்கக் கூட்டமைப்பு. 1951-இல் உருவானது. 'நாம் நண்பர்கள்' என்னும் பொருள்தரும் இலத்தீன் தொடரே அதன் முழக்கம். ஒவ்வொரு நாட்டிலும் ஓர் உறுப்பு அமைப்பு இருக்கும். இந்தியாவிலும் அகில இந்திய அளவில் உண்டு. தேசியப் போட்டியை நடத்துவது அந்த அமைப்பின் பொறுப்பு.

முதலில் அறிவிப்பு வெளிவரும், பெயர்கள் பதிவாகும். ஆட்டக்காரர்கள் பலராக இருந்தால் அவர்களைக் குழுக்களாகப் பிரித்துத் தகுதிச் சுற்று நடத்துவர். தேறியவர்கள் இறுதிச் சுற்றில் ஒருவரோடு ஒருவர் ஆடுவர். இறுதியில் 13 பேர் என்று கொள்வோம். ஒவ்வொருவருக்கும் 12 ஆட்டங்கள். ஆறில் வெள்ளை, ஆறில் கருப்பு. மொத்தம் 78 ஆட்டங்கள். மண்டபப் போட்டியைப்போல் ஒன்று முடிந்தபின் மற்றொன்று அன்று. அத்தனை ஆட்டங்களும் ஒரே நாளில் தொடங்கும்.

நகர்வுகளை எழுதுவதற்கு ஓர் எளிய குறியீட்டு முறை வைத்திருக்கிறார்கள். பலகையின் செங்குத்து வரிசைகளுக்கும் எண், கிடை வரிசைகளுக்கும் எண். புறப்பட்ட கட்டம் இரண்டு இலக்கம், சேர்ந்த கட்டம் இரண்டு இலக்கம். வெள்ளை அரசனுக்கு முன்னிற்கும் சிப்பாய் இரண்டு கட்டம் பாய்ந்தால் 5254. கருப்பும் அவ்வாறே பாய்ந்தால் 5755. வலப்பக்கத்து வெள்ளைக் குதிரை தாவி வந்தால் 7163. இரஷ்யரும் தமிழரும் ஒருவர் மொழியை ஒருவர் அறியாமலே ஆட முடிந்தது இந்த நான்கு இலக்கங்களால்தான்.

நேரத்தைக் கணக்கிடுவது நாள்களில். அஞ்சலட்டைக் காலத்தில் 10 நகர்வுகளுக்கு 30 நாள் சிந்தனை நேரம். அட்டை வழியில் பயணம் செய்யும் நாள்கள் இதில் சேரா. ஆகவே, எதிராளியின் அட்டை வந்து சேர்ந்த நாள், தன் பதில் புறப்பட்ட நாள் இரண்டையும் ஒவ்வொரு முறையும் எழுத வேண்டும். அஞ்சல் முத்திரையே சாட்சி. 2004-இல் இணையவழி ஆட்டத்தளம் வந்தபின் 10 நகர்வுகளுக்கு 50 நாள் என்பது பெருவழக்காயிற்று. 40 நகர்வு கொண்ட ஓர் ஆட்டத்தில் ஒருவருக்கு 200 நாள். இருவருக்குமாக 400 நாள். விடுப்பையும் சேர்த்தால் ஆட்டம் ஓராண்டைத் தாண்டிவிடும்.

நடுவர் ஒருவர் இருப்பார். ஆனால், அவர் பலகைக்கருகில் நிற்பதில்லை. நேர மீறல், பதில் வாராமை, பிணக்கு ஆகியவை எழும்போது மட்டுமே தலையிடுவார். விதிமுறைக்குட்பட்ட நகர்வை ஒருமுறை அனுப்பிவிட்டால் திரும்பப் பெற இயலாது. போட்டி முடிவு நாள் வந்தும் முடியாத ஆட்டங்களுக்கு இருதரப்பும் தத்தம் ஆய்வை எழுதித் தர, தேர்ந்தவர் ஒருவர் தீர்ப்பு வழங்குவார். ஆட்டக்காரர் விலகினாலோ இறந்துபோனாலோ அவருடைய ஆட்டங்களை என்ன செய்வது என்பதற்கும் விதி உண்டு. ஆண்டுக்கணக்கில் நடக்கும் போட்டிக்கு அதுவும் வேண்டுமல்லவா?

எவ்வளவு நீளும் என்பதற்கு ஒரு சான்று. 1987-இல் தொடங்கிய பத்தாவது அஞ்சல்வழி ஒலிம்பியாட்டின் இறுதிச் சுற்று 1995-இல்தான் முடிந்தது. முதலிடம் சோவியத் ஒன்றியத்துக்கு. மூன்றாமிடம் கிழக்கு ஜெர்மனிக்கு. கிழக்கு ஜெர்மனி 1990-லும் சோவியத் ஒன்றியம் 1991-லும் மறைந்துவிட்டன. நாடு இல்லாமற்போனபின்னும் ஆட்டக்காரர்கள் தொடங்கியதை முடித்தார்கள். தோட்டம் இல்லாமற்போனபின்னும் பள்ளியை நடத்துகின்ற நமக்கு இந்தச் செய்தி புதிதாகத் தோன்றாது.

எங்கள் சிறிய முயற்சி

இம்முறையைச் சுருக்கி, பேராக்கில் அறிமுகமான ஆசிரியர்களோடு சேர்ந்து ஆறு சிறிய பள்ளிகளுக்கிடையே ஒரு போட்டி நடத்தினோம். ஆறு பள்ளிகள் என்றால் ஒவ்வொன்றுக்கும் ஐந்து எதிராளிகள். மொத்தம் 15 ஆட்டங்கள். பள்ளியில் ஐந்து பலகைகள். பலகைக்கு ஒரு மாணவர் பொறுப்பு. வெள்ளை திங்கட்கிழமை அனுப்ப வேண்டும். கருப்பு வியாழக்கிழமை அனுப்ப வேண்டும். முதல் நகர்வு மட்டும் உண்மையான அஞ்சலட்டையில், தபால்தலை ஒட்டி. மற்றவை அட்டையில் எழுதிப் படமெடுத்துப் புலனத்தில்.

முதல் அட்டை வந்த நாளை நான் மறக்கமாட்டேன். தங்கள் பெயருக்குக் கடிதம் வருவதை அப்பிள்ளைகளில் பலர் அதுவரை கண்டதில்லை. என் பாட்டி காலத்தில் ஊர்க் கடிதம் தோட்டத்து ஆபீசுக்கு வரும். கிராணி பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுப்பார். அந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதி, மறுகடிதத்துக்காக மாதக்கணக்கில் காத்திருந்த மக்கள் நாம். நம் பிள்ளைகளோ அனுப்பிய செய்திக்குக் கீழே இரண்டு நீலக் கோடுகள் தோன்றவில்லையென்றால் பொறுக்கமாட்டார்கள். அவர்களுள் ஒருத்தி மூன்று நாள் ஒரே நிலையை நோக்கிக் கொண்டிருந்தாள். புதன்கிழமை ஓய்வுநேரத்தில் ஓடி வந்து, "டீச்சர், மந்திரிய நகர்த்தினா ராணி மாட்டிக்கும். நல்ல வேளை, நேத்தே அனுப்பல" என்றாள். காத்திருப்பதன் பயனை நான் எந்தப் பாடத்திலும் இவ்வளவு தெளிவாகக் கற்பித்ததில்லை.

கைப்பேசி ஆடிய நகர்வு

எல்லாம் இனிதாகவே நடந்தது என்று சொல்லமாட்டேன். ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் ஒரு திங்கட்கிழமை தன் குதிரையைப் பலிகொடுக்கும் நகர்வை அனுப்பினான். மிக அருமையான நகர்வு. வியாழனன்று எதிர்ப்பள்ளி அக்குதிரையை வெட்டியது. அடுத்து என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை என்னிடம் வந்து, தலைகுனிந்தவாறு, "டீச்சர், அந்த நகர்வு என்னோடது இல்ல. அப்பா போன்ல பார்த்துச் சொன்னாரு" என்றான்.

மாலையில் தந்தை வந்தார். மறைக்கவில்லை. "நம்ம பிள்ளைங்க எதுலயும் ஜெயிச்சுப் பழக்கமில்ல டீச்சர். ஒரு தடவையாவது ஜெயிக்கட்டுமேன்னுதான் செஞ்சேன்" என்றார். அவரைக் கடிந்துகொள்ள எனக்கு நா எழவில்லை. ஆனால், எதிர்ப்பக்கத்திலும் நம் பிள்ளைகளே அமர்ந்திருந்தார்கள். அவர்களும் செம்பனைக்கு நடுவேதான் படிக்கிறார்கள்.

அனைத்துலகக் கூட்டமைப்பு தன் போட்டிகளில் கணினி நிரல்களைப் பயன்படுத்த இசைவு தருகிறது. பெரியவர்கள் கணினியோடு சேர்ந்து ஆராய்ந்து ஆடுகிறார்கள். அதனால் இன்றைய உலக இறுதிச் சுற்றுகளில் பெரும்பாலான ஆட்டங்கள் சமநிலையில் முடிகின்றன. அமெரிக்கச் சதுரங்கக் கூட்டமைப்போ தன் அஞ்சல்வழிப் போட்டிகளில் அதைத் தடைசெய்திருக்கிறது. எங்கள் போட்டியிலும் தடை உண்டு. என் பள்ளி சம்பந்தப்பட்டதால் நான் தீர்ப்புச் சொல்வது முறையன்று. ஆட்டத்தில் தொடர்பில்லாத மூன்றாம் பள்ளி ஆசிரியரிடம் ஒப்படைத்தேன். அவர் சொன்ன தீர்ப்பு இது: அனுப்பிய நகர்வு அனுப்பியதே. நடந்ததை மாணவனே எதிர்ப்பள்ளிக்கு எழுத வேண்டும். அதன்பின் ஒவ்வொரு நகர்வுக்கும் ஏன் அதை ஆடினான் என்பதை ஒருவரியில் அட்டையில் சேர்க்க வேண்டும்.

அவன் எழுதினான். எதிர்ப்பள்ளி மாணவியிடமிருந்து பதில் வந்தது: "பரவாயில்லை. அந்த நகர்வு எங்களுக்கும் புரியவில்லை. இனிமேல் நாமே ஆடுவோம்."

அந்த ஆட்டத்தில் அவன் தோற்றான். ஆனால், அவன் எழுதிய காரண வரிகளைப் பாருங்கள்: முதலில் 'குதிரை போச்சு, பயமாக இருக்கிறது' என்று தொடங்கியவன், இறுதியில் 'யானையைத் திறந்த வரிசைக்குக் கொண்டு வருகிறேன், ஏனென்றால் உங்கள் அரசன் அங்கேதான் போவான்' என்று எழுதினான். அவன் தந்தை அந்த அட்டைகளையெல்லாம் கோப்பில் வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறார். வெற்றி பெற்ற நகர்வு கைப்பேசியினுடையது. இந்த வரிகள் தம் மகனுடையவை என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

தொடங்க விரும்புவோருக்கு

1. நான்கு பள்ளிகள் போதும். ஆறுக்கு மேல் வேண்டா. ஆசிரியருக்குப் பளு கூடும்.
2. அனுப்பும் நாளைத் திட்டமாக வரையறுங்கள். தேர்வு வாரங்களையும் பள்ளி விடுமுறையையும் முன்கூட்டியே விலக்கிவிடுங்கள்.
3. ஒவ்வொரு அட்டையிலும் எதிராளியின் கடைசி நகர்வையும் தம் நகர்வையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். பாதிப் பிணக்குகள் இதனாலேயே தீரும்.
4. நகர்வின் காரணத்தை ஒருவரியில் தமிழில் எழுதச் செய்யுங்கள். கட்டுரைப் பயிற்சியும் ஆயிற்று; கைப்பேசிக்கு அணையும் ஆயிற்று.
5. தீர்ப்புச் சொல்பவர் அந்த ஆட்டத்தில் தொடர்பில்லாதவராக இருக்கட்டும்.
6. போட்டி தொடங்குமுன் பெற்றோரை அழைத்து விதிகளை விளக்குங்கள். பிள்ளைகளைவிட அவர்களுக்குத்தான் காத்திருப்பது கடினம்.

செலவு என்று பார்த்தால் அட்டையும் தபால்தலையுந்தான். பேருந்து வேண்டா, மண்டபம் வேண்டா. இருபது மாணவர்கள் மட்டுமே உள்ள பள்ளியும் இருநூறு மாணவர்கள் உள்ள பள்ளியும் இதில் சமமாக அமரலாம். பேராக்கில் ஆறு பள்ளிகளால் இயன்றது நாட்டின் பிற மாநிலங்களிலும் இயலும். மாநிலத்துக்கு ஒரு குழு அமைந்தால் தமிழ்ப்பள்ளிகளுக்கெனத் தேசிய அளவில் ஓர் இறுதிச் சுற்றையே நடத்தலாம். கெடா மாணவனின் அட்டைக்கு ஜொகூர் மாணவி பதில் எழுதுவாள்.

ஆர்வமுள்ள ஆசிரியர்கள் அடுத்த பள்ளித் தவணைக்குள் தங்கள் மாவட்டத்தில் மூன்று பள்ளிகளைப் பேசி வையுங்கள். முதல் நகர்வை யார் அனுப்புவது என்பதைச் சீட்டுப்போட்டு முடிவு செய்யலாம்.